தலையசைப்பு சம்மதமா?

நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று ஜே. மரியன் சிம்ஸைக் கொண்டாடுகிறார்கள். 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமாவில், பிரசவத்தில் சிறுநீர்ப்பை துளைபட்டுத் துன்புற்ற, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களை மயக்க மருந்தின்றி அறுத்துத் தைத்துத் தொழில் கற்றவர் அவர். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை.

‘அப்போது மயக்க மருந்தே இல்லையே’ என்று வாதாடுகிறார்கள். 1846இலேயே பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். அதன் பிறகும் சிம்ஸின் கத்தி ஓயவில்லை.

ஈதர் இருந்திருந்தாலும் நம் கேள்வி மாறாது. அனுமதி தந்தவர்கள் எசமானர்கள். மறுக்கும் உரிமையே இல்லாதவளின் தலையசைப்பைச் சம்மதம் என்பதா?

2018இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது. அது போதாது. அனார்க்கா, லூசி, பெட்சி: மருத்துவப் பாடநூல்கள் இந்தப் பெயர்களிலிருந்து தொடங்கட்டும்.