முப்பதாண்டுப் போர்

1618-ஆம் ஆண்டிற் பிராகு நகர அரண்மனைச் சாளரத்தினின்று பேரரசரின் அதிகாரிகள் வீசியெறியப்பட்டனர். அன்று மூண்ட தீ 1648 வரை ஜெர்மனியை எரித்தது. இது சமயப் போரன்று, அரசியற் போரே என்பர் சிலர். கத்தோலிக்கக் கர்தினாலாகிய ரிஷலியூ, 1631-இற் புரோட்டஸ்டண்டுச் சுவீடனுக்குப் பொருளுதவி செய்ய உடன்பட்டமை அன்னார் காட்டும் சான்று. உண்மையே, ஆயினும் மன்னர்தம் மண்ணாசைத் தீக்கு மக்களின் பக்தியன்றோ விறகாயிற்று? அவ்வாண்டிலேயே மக்டபர்க் நகரம் அழிந்தது. ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். கொன்றோரும் மாண்டோரும் ஒரே கிறிஸ்துவையே வணங்கினர். வாளினும் பசியும் கொள்ளைநோயுமே மிகுதியான உயிர்களைக் கவர்ந்தன. இறுதியில் வெஸ்ட்பேலியா உடன்படிக்கை எப்பிரிவிற்கும் முழுவெற்றி தரவில்லை; அடுத்தடுத்து வாழும் முறையையே வகுத்தது. இதனை முப்பதாண்டு முன்னரே செய்திருக்கலாகாதோ? பழி முழுவதையும் மன்னர்மேற் சுமத்திக் கிறிஸ்தவராகிய நாம் கைகழுவுதல் தகாது. பிலாத்துவும் கைகழுவினானன்றோ?