கறுப்புக்கு ஏன் விளக்கம் கேட்கிறீர்கள்?

"நாம ஏன் கறுப்பா இருக்கோம்?" என்ற கேள்விக்கு நம்மாட்களிடம் ரெடிமேடாக மூன்று பதில்கள் இருக்கின்றன. ஒன்று சாபம். இரண்டு கர்மா. மூன்று வெயில்.

முதல் இரண்டையும் சொல்பவர்கள் பக்தர்கள். மூன்றாவதைச் சொல்பவர்கள் தங்களை விஞ்ஞானிகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். மூன்றுமே தவறு என்பது என் கட்சி. தவறாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன, அதுதான் எரிச்சல். "கறுப்பு என்பது ஏதோ ஒன்றுக்கான தண்டனை" என்பதே அந்த இடம். ஒருவருக்கு அது நோவாவின் வாயிலிருந்து வந்த தண்டனை, இன்னொருவருக்கு போன பிறவியின் பாக்கி, மூன்றாமவருக்கு தாத்தா மாடு மேய்த்ததன் விளைவு.

முதலில் வெயில் கட்சியை எடுத்துக்கொள்கிறேன். படித்தவர்கள் எல்லாம் இந்தக் கட்சியில்தான் இருக்கிறார்கள். "சாதி கீதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பரம்பரை பரம்பரையா வெயில்ல நின்னு வேலை செஞ்சவங்க கறுத்துட்டாங்க, நிழல்ல உட்கார்ந்து படிச்சவங்க வெளுப்பாவே இருந்துட்டாங்க. சிம்பிள் சயின்ஸ்!"

சிம்பிள்தான். ஆனால் சயின்ஸ் இல்லை.

நான் கோலார் தங்கவயல்காரன். (சினிமா பார்த்துவிட்டு "ஓ, கேஜிஎஃப்பா!" என்று கண்ணை விரிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் துப்பாக்கி தூக்கிய ஹீரோ யாரும் கிடையாது. சிலிக்கோசிஸ் வந்து இருமி இருமிச் செத்தவர்கள்தான் உண்டு.) 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி பொறுப்பெடுத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, அந்தக் குழிகளுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். என் தாத்தா சாம்பியன் ரீஃபில் இறங்கினார். அப்பா நந்திதுர்க்கில். காலை ஷிஃப்ட் என்றால் வெயில் ஏறுவதற்குள் கூண்டில் ஏறிக் கீழே போய்விட வேண்டும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறையே கொதிக்கும். ஆனால் சூரியன்? தலையில் கட்டிய விளக்குதான் சூரியன்.

அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று இயற்பியல்காரர்களைக் கேளுங்கள். 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது எங்கள் ஊர்ச் சுரங்கத்தில்தான். ஏன் அங்கே போனார்கள்? தலைக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை. வானத்திலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களை அது ஏறக்குறைய முழுதாக வடிகட்டிவிடும். காஸ்மிக் கதிரே திணறும் இடத்துக்குள் வெயில் எந்த வழியாக ஐயா நுழைந்தது?

எங்கள் ஊர் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருட்டில் உழைத்த குடும்பங்கள் உண்டு. இந்த சிம்பிள் சயின்ஸ் உண்மையென்றால் இந்நேரம் பாதி மாரிக்குப்பம் வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. எங்களை வெள்ளையாக்கியது காற்றடித்தால் சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் தூசு ஒன்றுதான். அதுவும் குளித்தால் போய்விடும்.

காரணம் எளிது. வெயிலில் நின்று அப்பன் கறுத்தால் அந்தக் கறுப்பு அப்பனோடு சரி. பிள்ளைக்குப் போகாது. காது குத்திய அம்மாவுக்குக் காது குத்திய பிள்ளையா பிறக்கிறது?

ஆனால் இந்தப் பேச்சில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "உழைத்ததால் கறுத்தோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெருமையின் மறுபக்கம், "நீ உழைப்பதற்கென்றே படைக்கப்பட்ட நிறம்" என்பது. தங்கவயலில் வெள்ளைக்காரனுக்குத் தோட்டத்தோடு பங்களா, ஆங்கிலோ இந்தியருக்கு அதற்கடுத்த தரத்தில் வீடு, கூலிக்கு மூங்கில் தட்டி வைத்த குடிசை. அந்த வரிசையும் தோலின் வரிசையும் ஒன்றாக இருந்தது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

அடுத்து சாபக் கட்சி. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஆலயம் உண்டு. அதில் ஒன்றில், கறுப்பான ஜனங்கள் எல்லாம் நோவாவின் மகன் காமின் சந்ததி, அப்பனுடைய நிர்வாணத்தைப் பார்த்ததால் வந்த சாபம் என்று ஒரு பிரசங்கியார் முழங்கியதை நான் சிறுவனாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முன் வரிசையில் கறுப்பு, பின் வரிசையில் கறுப்பு, பிரசங்கியாரும் கறுப்பு. ஒருவரும் எழுந்து கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியது இதுதான். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சபிக்கப்படுவது காம் இல்லை, அவன் மகன் கானான். தோல் நிறம் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. நிறத்தை உள்ளே சொருகியவர்கள் பிற்காலத்தவர்கள். அமெரிக்காவில் மனிதனைச் சந்தையில் விற்றவர்களுக்கு இந்தச் சொருகல் ரொம்பவும் பயன்பட்டது. அதே வேதாகமத்தில் எண்ணாகமம் பன்னிரண்டையும் வாசியுங்கள். மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக அவன் அக்கா மிரியாம் முறுமுறுக்கிறாள். அவளுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? தோல் பனிபோல வெளுத்துப்போகிறது! வேதத்தில் தோலின் நிறம் தண்டனையாக மாறும் இடத்தைத் தேடினால் கிடைப்பது வெளுப்புதான். இதை வைத்து எந்தப் பிரசங்கியாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

கர்மாக் கட்சிக்கு வருவோம். வர்ணம் என்றாலே நிறம், ஆகவே மேலே வெள்ளை கீழே கறுப்பு என்பார்கள். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பிருகு முனிவர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்: பிராமணர் வெள்ளை, க்ஷத்திரியர் சிவப்பு, வைசியர் மஞ்சள், சூத்திரர் கறுப்பு. இதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம்மாட்கள் வழக்கம். அடுத்த நிமிஷமே எதிரில் உட்கார்ந்திருக்கும் பரத்வாஜர் மடக்குகிறாரே, அதை யார் சொல்வது? நிறம்தான் வர்ணம் என்றால் எல்லா வர்ணத்திலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கிறதே, வியர்வையும் மூத்திரமும் கபமும் ரத்தமும் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்கிறார். நாத்திகர் யாரும் கேட்டதில்லை, முனிவர் கேட்ட கேள்வி. பெருமாளைக் கறுப்பாகச் செய்து வைத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகளுக்குக் குங்குமப்பூப் பால் காய்ச்சும் பக்திக்கு அந்தக் கேள்வி உறைப்பதில்லை.

மதம் என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குர்ஆனின் ரூம் அத்தியாயம் மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதை இறைவனின் அத்தாட்சி என்கிறது. பூமியின் பல இடத்து மண்ணிலிருந்து ஆதம் படைக்கப்பட்டார், அதனால்தான் பிள்ளைகளில் பல நிறம் என்று ஒரு நபிமொழியும் உண்டு. அறிவியல் கணக்கில் அது விளக்கம் ஆகாது. ஆனால் யாரையும் கீழே தள்ளவில்லை, அந்த மட்டுக்கும் சரி. எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமானது பௌத்தம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்பிடித்தது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையை, அவர் மறைந்த பிறகு 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். அவர்கள் போற்றிய புத்தர் வாசெட்ட சுத்தத்தில் சொல்வது: புல்லுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பிறப்பால் இனக்குறி உண்டு, மனிதனுக்குள் அப்படி ஒன்று கிடையாது. பகலெல்லாம் பாறை உடைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து இதைப் படித்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் பகுத்தறிவுக் கட்சி கைதட்டத் தயாராகும். கொஞ்சம் பொறுங்கள் சாமி, உங்கள் வீட்டிலும் குப்பை இருக்கிறது.

மனிதரை நான்கு நிறமாகப் பிரித்தவர் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி லின்னேயஸ். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறத்தோடு குணத்தையும் ஒட்டினார். ஐரோப்பியன் புத்திசாலி, ஆப்பிரிக்கன் சோம்பேறி, இந்தத் தினுசில். நம்மூர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அளந்தார். 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதி தாழும் என்று விதியே போட்டார். இதெல்லாம் சாபம் இல்லையா? வெள்ளைக் கோட்டுப் போட்ட சாபம். அதே மூக்குக் கணக்குகளை எடுத்து, 1948இல் வந்த 'தீண்டப்படாதோர் யார்?' நூலில் பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் இல்லை என்று அம்பேத்கர் திருப்பி அடித்தார். விஞ்ஞானத்தின் பெருமை அது தப்பே செய்யாது என்பதில் இல்லை. கணக்கைக் காட்டு என்று கேட்டால் காட்டியாக வேண்டும், அதில்தான் இருக்கிறது. சாபத்திடம் யார் கணக்குக் கேட்பது?

சரி, இன்றைய கணக்கு என்ன?

தோலில் மெலனினைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு, எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் உலகின் புற ஊதாக்கதிர் அளவையும் மக்களின் தோல் நிறத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். கதிர் அதிகமான இடத்தில் கறுப்பு, குறைந்த இடத்தில் வெளுப்பு. அவர்கள் தரும் விளக்கம் இது: கடும் கதிர் உடம்பிலுள்ள ஃபோலேட்டை அழிக்கும், மெலனின் அதைக் காக்கும். கதிர் குறைந்த வடக்கிலோ வைட்டமின் டி உண்டாக வேண்டுமானால் தோல் கதிரை உள்ளே விட்டாக வேண்டும். கர்ப்பிணிக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அந்தச் சத்துதான் இது. எந்த மெலனின் அதைக் காக்கிறதோ, அது பிள்ளைக்கு வரக்கூடாது என்றுதான் குங்குமப்பூப் பால்!

இதை வெயில் கட்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது ஒரு தாத்தாவின் உழைப்பு இல்லை. பல ஆயிரம் வருடம் ஒரு நிலப்பரப்பில் யாருடைய பிள்ளைகள் பிழைத்தன என்ற கணக்கு. நிழலில் உட்கார்ந்த ஜமீன்தாருக்கும் களத்தில் நின்ற கூலிக்கும் மேலே இருந்தது ஒரே வானம்தான்.

அப்படியானால் ஒரே ஊரில் ஏன் இத்தனை நிறம்? வெவ்வேறு திசையிலிருந்து வந்த மக்கள் இங்கே நன்றாகக் கலந்தார்கள். ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை அந்தக் கலப்பு நடந்தது, அதன்பின் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் என்று கதவைச் சாத்திக்கொண்டோம் என்கிறது 2013இல் ஹைதராபாத், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு. கலந்ததைப் பங்குபோட்டுப் பூட்டிவைத்தது சாதி. இயற்கை எந்தப் பூட்டும் போடவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஐரோப்பியத் தோல் வெளுத்ததற்கு ஒரு முக்கியக் காரணமான மரபணுவை 2005இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். எதில்? ஒரு சின்ன மீனில். கோடுகள் வெளிறிப்போன அந்த வரிக்குதிரை மீனுக்கு ஆய்வகத்தில் வைத்திருந்த பெயர் 'கோல்டன்'. தங்கம்! நம் நாட்டிலும் வடக்கு, தெற்கு இரண்டிலும் அந்த மாற்றம் பரவலாக இருக்கிறது. மரபணுவின் நீண்ட வாசகத்தில் ஒரே ஒரு எழுத்து வேறுபாடு, அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் 1975இலிருந்து டியூப் டியூபாகக் க்ரீம் வாங்கிப் பூசினோம். 2020இல் அந்தக் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. மனசிலிருந்து போயிற்றா?

போகவில்லை. என் அக்கா மகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலை தேடிப் போனவள். ஓரிடத்தில், பேச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் முன்னால் உட்காரவைக்க முடியாது, உள்ளே கம்ப்யூட்டர் வேலை வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். காரணம் கேட்டதற்குச் சிரித்தார்கள். "மாமா, அவங்க திட்டியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன்" என்றாள் போனில். கொள்ளுத்தாத்தாவைப் பூமிக்கு அடியில் வைத்தார்கள். இவளை உள் அறையில் வைக்கப் பார்க்கிறார்கள். ஆழம்தான் குறைந்திருக்கிறது.

நான் இருக்கும் எடின்பரோவில் சூரியன் கஞ்சன். என்னைப் போன்ற தோல்காரர்கள் வருடம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று இந்த நாட்டு அரசு மருத்துவத்துறை சொல்கிறது. நானும் விழுங்குகிறேன். அதில் பாவம் இல்லை, புண்ணியம் இல்லை, குலம் இல்லை. நிறம் பற்றி ஒருவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் மொத்தமே இந்த அளவுதான்.

கடைசியாக ஒன்று. தங்கவயலுக்கு மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் வந்த வெள்ளைக்காரர்களில் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள். அதே தென்மேற்கில், செடார் என்ற இடத்துக் குகையில் 1903இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 10,000 வருடத்துக்கு முந்தையது. 2018இல் அதன் மரபணுவைப் படித்தவர்கள், அந்த ஆளின் தோல் கறுப்பாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஐரோப்பாவில் இன்று நாம் பார்க்கும் வெளுப்பு பரவியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே இனிமேல் யாராவது உங்களிடம் "நாம ஏன் கறுப்பு?" என்று இழுத்தால் பதில் சொல்லாதீர்கள். "அவங்க ஏன் வெளுத்தாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய முறை அவர்களுடையது.