பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள்

கம்ப்யூட்டர் பெட்டி காயலான் கடைக்குப் போகட்டும். உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களும் உறுப்பினர் பட்டியலும் அதில்தானே கிடக்கின்றன?

40 பின் ஐடிஇ டிஸ்க் புதிய கம்ப்யூட்டரில் நேராகப் பொருந்தாது. யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தனியே தரவேண்டும். விழாவில் ஒரு பொன்னாடையைக் குறைத்தால் வாங்கிவிடலாம். 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

ஃபைல் திறந்தும் தமிழ் கிறுக்கலாகத் தெரிகிறதா? பழுதல்ல; யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. 1999-இல் அறிவிக்கப்பட்ட டாம், டாப் முறைகளுக்கு முன் ஆளுக்கொரு முறை இருந்தது. எந்த முறை என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். அன்று தட்டச்சு செய்த அன்பர்கள் நம்மிடையே இருக்கும்போதே, செயற்குழு அவர்களைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.