60-ம் நம்பர் எங்கே பாஸ்?

60 பேர் படிக்கிற ஒரு கிளாஸ். இன்டர்னல் டெஸ்ட்டுக்கு 10-ம் நம்பர் ஆப்சென்ட்னு வச்சுக்குங்க. ஒரு லிஸ்ட்ல 60 ரோல் நம்பர், இன்னொரு லிஸ்ட்ல 59 மார்க். ரெண்டையும் பைத்தானோட ‘ஜிப்’ ஃபங்ஷன்கிட்ட கொடுத்து ஜோடி சேர்க்கச் சொன்னா, சமர்த்தா சேர்த்துடும். எர்ரர் கிடையாது. மூச் கிடையாது!

ஆனா நடந்தது என்ன தெரியுமா? டெஸ்ட்டுக்கே வராத 10-ம் நம்பருக்கு, 11-ம் நம்பரோட மார்க். அங்கேருந்து எல்லாருக்கும் அடுத்த ஆளோட மார்க். 60-ம் நம்பர்? ஆளே காணோம். கண்ணு முழிச்சுப் படிச்ச புள்ள அம்போ!

2000-ல பைத்தான் 2.0-வோட வந்த ஃபங்ஷன் இது. எந்த லிஸ்ட் குட்டையோ, அது முடிஞ்சதும் நின்னுடணும். அதான் ரூல். கையேட்டுலயும் அதைச் சொல்லியிருந்தாங்க. ‘மிச்சம் இருக்கிறதும் முக்கியம்னா ஜிப் லாங்கஸ்ட்டைப் பயன்படுத்துங்க’ன்னும் இருந்துச்சு. அப்புறம் என்ன குறை?

ரெண்டு லிஸ்ட்டும் சமம்னு நம்பிட்டு இருக்கிறவர், அந்த வரியை ‘இது நமக்கில்ல’ன்னு தாண்டிப் போயிடுவார். கடைசியில மாட்டிக்கிறதும் அவர்தான்!

2021 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.10 இதுக்கு வழி பண்ணுச்சு. பிராண்ட் புக்கர் எழுதின ‘பெப் 618’ங்கிற முன்மொழிவுப்படி, ‘ஸ்ட்ரிக்ட் = ட்ரூ’ன்னு சேர்த்தா போதும். நீளம் ஒத்துவரலைன்னா ‘வேல்யூ எர்ரர்’னு கத்திடும். பழைய புரோகிராம்கள் உடைஞ்சுடக் கூடாதேன்னு, நாம கேட்டா மட்டும்தான் இந்தச் சோதனை.

கேட்கணும்னு நமக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் கையேடு! அதையும் திருத்தி எழுதினாங்க. குட்டையில நிறுத்தறது, சமமான்னு பார்க்கிறது, காலியிடத்தை நிரப்பறதுன்னு மூணு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. ‘ஸ்ட்ரிக்ட் போடலைன்னா, தப்பு சத்தமில்லாம அமுங்கி, வேற எங்கேயோ போய்த் தலைகாட்டலாம்’ங்கிற எச்சரிக்கையும் சேர்ந்துச்சு. இப்போ அந்த வரி, நம்பிக்கையோட வர்றவரைத்தான் சட்டையைப் பிடிச்சு நிறுத்துது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஸ்ட்ரிக்ட் தலையைத்தான் எண்ணும், முகத்தைப் பார்க்காது. எண்ணிக்கை சரியா இருந்து வரிசை மாறியிருந்தா அதுக்கும் தெரியாது. மார்க் மாதிரி விஷயத்துக்கு, ரோல் நம்பரோடயே மார்க்கைச் சேர்த்து வைக்கிற டிக்‌ஷனரிதான் பத்திரம்.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது, ‘இது என்ன செய்யும்’னு எழுதிட்டுப் பேனாவை மூடிடாதீங்க. ‘இது எப்போ சொல்லாம கொள்ளாம கவுத்தும்’னு இன்னும் ஒரு வரி சேருங்க. உங்களை நம்பற ஏதோ ஒரு 60-ம் நம்பருக்காக!