ஆறு மணிநேர மருந்துக்கு யார் பொறுப்பு?

கடந்த வருடம் என் சாச்சிக்குத் தைரொய்ட் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிரியக்க அயடீன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள். "மகன், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். முழுவதும் ஆங்கிலம். சில நாட்களுக்குக் கர்ப்பிணிகளையும் சிறுபிள்ளைகளையும் நெருங்க வேண்டாம், தனியாக உறங்குங்கள், கழிவறையில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றிருந்தது. நான் வாசித்துச் சொல்லும்வரை ஒன்றரை வயதுப் பேத்தி அவர் மடியில்தான் இருந்தாள்.

மருந்தில் குறையில்லை. தைரொய்ட் நோய்க்கு உலகமே பல்லாண்டுகளாக நம்பும் மருந்து அது. அதைக் கையளித்த விதத்தில்தான் குறை.

கதிரியக்க மருந்து மற்ற மருந்துகளைப் போன்றதல்ல. அயடீன்-131இன் அரைவாழ்வுக்காலம் 8 நாள். இருதய, எலும்பு ஸ்கேன்களுக்கு ஏற்றும் டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணிநேரம்தான். காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால் நண்பகலில் 50, மாலை 6 மணிக்கு 25. பெட் ஸ்கேனுக்கான புளோரின்-18 இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். ஆகவே இவற்றைப் பெட்டியில் அடுக்கி வைத்து விற்க முடியாது. அன்றன்று தயாரித்து அன்றன்றே ஏற்ற வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். ஊசி மருந்தில் கிருமி உண்டா என்று முறைப்படி சோதிக்க 14 நாள் வேண்டும். டெக்னீசியம் அதுவரை காத்திருக்காது. மருந்தைச் சோதித்துவிட்டுக் கொடுக்க வழியில்லாதபோது, தயாரிக்கும் அறையையும் ஆளையும் முறையையும்தான் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

இதில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் சாட்சி. 2004 அக்டோபரில், ஒரே கதிரியக்க மருந்தகத்தில் தயாரான ஊசியை இருதயப் பரிசோதனைக்காக ஏற்றிக்கொண்ட 16 பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. முதல் நாள் அதே மருந்தகத்தில் வேறொரு நோயாளியின் இரத்தம் கையாளப்பட்டிருந்தது. அவர்களைப் பாதித்தது கதிர்வீச்சு அல்ல, சுத்தக் குறைவு. அமெரிக்க மருந்துத் தரநூலில் இத்தகைய மருந்துகளுக்கென்றே 825ஆம் அத்தியாயம் வெளியானது 2019இல். அது நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பரில்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஒரு ஒழுங்குபடுத்தல் பேரவையை உருவாக்கியது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதன் கையில். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை அமைத்தது. மருந்தின் தரம் அதன் கையில். கதிரியக்க மருந்தோ இரண்டு வீட்டுக்கும் உரிய பிள்ளை. இரண்டு வீட்டுப் பிள்ளை பசியோடு இருந்தால், மற்ற வீட்டில் சாப்பிட்டிருக்கும் என்றுதான் ஒவ்வொரு வீடும் நினைக்கும்.

வெளிப்படையான கண்காணிப்பு ஏன் வேண்டும் என்று 2023இன் இம்யூனோகுளோபுலின் விவகாரத்தைப் பார்த்த இலங்கையருக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் அது தொடர்பில் கைதானார்.

மூன்று விடயங்களைக் கேட்போம். இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரே பரிசோதனையாக இந்த அறைகளைப் பார்த்து, முடிவை மக்களுக்கு வெளியிட வேண்டும். மருந்தைத் தயாரிப்பவருக்கு மருந்தியல், கதிர்வீச்சு இரண்டிலும் பயிற்சி கட்டாயமாக வேண்டும். நோயாளியின் கையில் கொடுக்கும் தாள் அவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதானே.

அதேவேளை, கடும் விதிகளைப் போட்டுச் சேவையையே மூடிவிடவும் கூடாது. தம்புள்ளையிலிருந்தும் கலேவெலயிலிருந்தும் உக்குவெலையிலிருந்தும் பஸ் ஏறிப் போகும் ஏழை நோயாளிக்குத் தாமதமும் ஆபத்துதான். விதியோடு ஆளணியும் பணமும் சேர்ந்து வர வேண்டும்.

மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் முன்னின்று நிதி திரட்டியபோது, இன, மத பேதமின்றி மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். இயந்திரத்துக்குக் கொடுத்த நமக்கு, அதற்கான மருந்து தயாராகும் அறையைப் பற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. நோயாளியின் உடல் அமானிதம். அதைப் பொறுப்பேற்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாச்சி இப்போது சுகமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தாளைத் தமிழில் எழுதி என் பையில் வைத்திருக்கிறேன். ஊரில் அடுத்தவர் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் அது ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையல்லவே.