யந்திரத்தின் பின்னால் ஒளிவோர்

திருவிழாவாயினும் இசை நிகழ்ச்சியாயினும் விளையாட்டுப் போட்டியாயினும் வாயிலில் ஒரு சோதனை யந்திரத்தை நிறுத்திவிட்டால் மக்கள் காக்கப்பட்டுவிட்டனர் என்று கூறுவோர் இன்று பெருகிவிட்டனர். விற்கும் முதலாளி அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. மக்களைக் காக்கும் கடமை பூண்ட அதிகாரிகளும் அதையே கூறுவதைத்தான் பொறுப்பதற்கில்லை.

2017 மே 22 இரவு மான்செஸ்டர் இசையரங்கில் 22 பேர் மாண்டனர். கொலைஞன் எந்தச் சோதனையையும் ஏமாற்றி உட்புகுந்தானல்லன். ரயில் நிலையத்தையும் அரங்கையும் இணைக்கும் கூடம் சோதனை எல்லைக்கு வெளியே கிடந்தது. அங்கே, கமராவின் பார்வை எட்டாத மூலையில், பாரமான முதுகுப்பையுடன் காத்திருந்தான்; நிகழ்ச்சி முடிந்து சிறுவர் சிறுமியர் வெளியேறும் வேளையில் குண்டை வெடிக்கச் செய்தான். வாயிலை எத்துணை இறுக்கினாலும் வாயிலுக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றே தீரும். யந்திரம் விற்போர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அவனைக் கண்ட மனிதக் கண்கள் இருந்தன என்பதே நெஞ்சைச் சுடுகிறது. அங்கு நின்ற ஒருவர் ஐயுற்று, அவனிடமே வினவி, பின் காவல் ஊழியர் ஒருவரிடம் முறையிட்டார். வெடிப்புக்கு அப்போது கால் மணி நேரம் இருந்தது. அவ்வெச்சரிக்கை மேலிடத்தை எட்டவில்லை. செய்தி அறிந்த 18 வயதுக் காவலாளி கட்டுப்பாட்டு அறையை அழைக்க முயன்றார், தொடர்பு கிட்டவில்லை. வீணாக ஐயுற்றால் இனவெறியன் என்ற பழி வருமோ என்ற அச்சமும் அவரைத் தடுத்தது. ரயில்வேப் பொலிஸார் எவரும் வெடிப்புக்கு முந்திய அரைமணியில் அக்கூடத்தில் இல்லை. ஆயிரக்கணக்கானோரின் உயிரை ஓர் இளைஞனின் தோளில் ஏற்றிவிட்டு மேலோர் எங்கே போயினர்? 2021 ஜூனில் வெளியான விசாரணை அறிக்கை அரங்க நிர்வாகம், காவல் கொம்பனி, ரயில்வேப் பொலிஸ் ஆகிய மூன்றையும் குற்றங்கண்டது.

யந்திரத்தின் மகிமைதான் என்ன? அரங்குகளுக்கும் பாடசாலைகளுக்கும் 'செயற்கை நுண்ணறிவு'ச் சோதனைக் கருவிகளை விற்ற எவோல்வ் என்னும் அமெரிக்கக் கொம்பனி தன் கருவியின் ஆற்றலை மிகைப்படுத்தி வாங்குவோரை ஏய்த்ததாக, அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2024 நவம்பரில் குற்றஞ்சாட்டியது. 2022இல் ஒரு பாடசாலையில் ஏழு அங்குலக் கத்தி அக்கருவியின் கண்ணில் படாமல் உட்சென்றது; ஒரு மாணவன் குத்துண்டான்.

சோதனையே வேண்டாம் என்பது நம் வாதமன்று. 2015இல் பாரிஸ் விளையாட்டரங்கினுள் குண்டுதாரிகள் புகுந்திருப்பின் விளைவை நினைக்கவும் கூசும். சோதனையைக் காட்டிப் பொறுப்பைக் கைகழுவும் தந்திரத்தையே எதிர்க்கிறோம்.

நம் நாட்டுக் கதை வேறா? 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடிப்பதற்கு 17 நாள் முன்னரே, ஏப்ரல் 4இல், இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. பூசைக்குப் போன ஏழைத் தாய்க்கு அதை எவரும் சொல்லவில்லை. அதன் பின்னரே அவளுடைய கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறியோரையே குற்றங்கண்டது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது.