பதறாத குதிரை பீப்பாயைத் தட்டாது

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு பெண்குதிரை வாங்கினோம். இரண்டு வயது என்றார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகள், அமெரிக்காவில் பெண்கள் பேரலைச் சுற்றிக் குதிரை ஓட்டும் பந்தயத்தை செல்போனில் பார்த்துவிட்டு, தோட்டத்தில் மூன்று டிரம் வைத்துப் பழக்குகிறாள். தினமும் நான்கைந்து சுற்று விரட்டுகிறாள். பத்து நாளாகக் குதிரை டிரம்மைக் கண்டாலே நின்றுவிடுகிறது. இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அம்மா, அடிக்க வேண்டாம். டிரம்களை இன்றே எடுத்து ஓரமாக வையுங்கள். உங்கள் குதிரை பிடிவாதம் பிடிக்கவில்லை. வலிக்கிறது அல்லது சலித்துவிட்டது என்று சொல்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி நின்றுவிடுவதுதான்.

முதலில் அந்தப் பந்தயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் பேரல் மூன்றை, அடுப்புக்குக் கல் வைப்பதுபோல முக்கோணமாக வைப்பார்கள். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி. மூன்றாவது, அவை ஒவ்வொன்றிலிருந்தும் 105 அடி. முதல் இரண்டுக்கும் நேர் பார்த்த தொடக்கக் கோடு 60 அடி தள்ளி இருக்கும். வலப்பக்கப் பேரலை முதலில் எடுத்தால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம்; இடப்பக்கம் தொடங்கினால் தலைகீழ். ஓடிய தடத்தை மேலிருந்து பார்த்தால் குதிரை மசால் இலை மாதிரி மூன்று இதழாகத் தெரியும். பேரலைத் தொடலாம், ஆடினால் கையால் பிடித்து நிறுத்தலாம். சாய்ந்துவிட்டால் 5 விநாடி தண்டனை. வெற்றி தோல்வியே விநாடியில் நூறில் ஒரு பங்கில் முடிவாகும் பந்தயத்தில், 5 விநாடி போனால் பரிசை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே வேகம் மட்டும் போதாது. சரியான இடத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த குதிரைதான் ஜெயிக்கும்.

டெக்சாஸ் மாநிலம் சான் ஆஞ்சலோவில் 1948இல் 38 பெண்கள் கூடிச் சங்கம் அமைத்து வளர்த்த விளையாட்டு இது. அதில் பெரிய பெயர் எடுத்த குதிரை ஸ்கேம்பர். மாடுகளை அடைத்துத் தீனி போடும் பண்ணையில் வேலை பார்த்தது, ஆளைத் தள்ளிவிடும் என்று பெயர் வாங்கியது. நியூ மெக்சிகோவைச் சேர்ந்த சார்மெய்ன் ஜேம்ஸ் என்ற சிறுமிக்கு அவள் அப்பா 1,100 டாலருக்கு வாங்கித் தந்தார். 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் இருவரும் உலகப் பட்டம் வென்றார்கள். 1985 இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில் கடிவாளமே கழன்றுவிட்டது. அப்படியும் மூன்று பேரலையும் சுற்றி வந்து அந்தச் சுற்றை ஜெயித்தது. உங்கள் மகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஸ்கேம்பர் பிறந்தது 1977. முதல் பட்டம் வாங்கும்போது அதற்கு 7 வயது.

உங்கள் குதிரையின் வயதை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே பல்லைப் பாருங்கள். இரண்டரை வயதில் முன்வரிசையின் நடுப் பால்பற்கள் விழுந்து நிலைப்பல் முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரப்பல். நடுப்பல் இன்னும் விழவில்லை என்றால் அது குட்டிதான். முன்னங்கால் முழங்காலுக்கு மேல் உள்ள வளரும் குருத்து, இரண்டு இரண்டரை வயதில்தான் எலும்பாக இறுகும். முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து ஆறு வயதாகும். வேகமாக ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது குதிரையின் பாரம், ஓட்டுபவரின் பாரம் எல்லாம் அந்தக் கால்களில்தான் இறங்குகிறது. இளங்கன்றுக்கு நுகத்தடி வைப்போமா?

அதனால் இந்த வரிசையில் போங்கள்.

முதல் வேலை, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. குளம்பு, முழங்கால், முதுகு, பல் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலைத் தொட்டால் சூடோ வீக்கமோ இருந்தால் முழு ஓய்வு.

மூன்று வயது ஆகும்வரை மேலே ஏற வேண்டாம். கையில் பிடித்து வரப்பிலும் வண்டிப்பாதையிலும் நடத்துங்கள். உடம்பு தேய்த்துவிடுவது, காலைத் தூக்கிக் காட்டுவது, வெறும் சேணத்தைச் சுமப்பது, 'நில்' என்றால் நிற்பது. உங்கள் மகளுக்கு இதிலேயே ஒரு வருஷ வேலை இருக்கிறது.

மூன்று வயதுக்குமேல் சிறிது நேரம் ஏறி, நேர்நடை மட்டும். பழகியபின் டிரம்மைச் சுற்றி நடை. டிரம்மை நெருங்கும்போது நாலைந்து அடி இடம் விட்டுப் போய், திரும்பி வெளியேறும்போது ஒட்டி வர வேண்டும். ஒட்டியே போனால் தோள் உள்ளே சாய்ந்து டிரம்மில் மோதும், ஓட்டுபவரின் முழங்காலும் அடிபடும். ஓட்டுபவர் டிரம்மைப் பார்க்கக் கூடாது. போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நடையில் பிசகாமல் வந்தால்தான் மெல்லோட்டம். அதிலும் பிசகாவிட்டால்தான் பாய்ச்சல். அது நாலு, ஐந்து வயதுக் கதை.

டிரம் பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும். நன்றாகப் பழகிய குதிரையையே தினமும் அதே தடத்தில் விரட்டினால், மைதானத்து வாசலைக் கண்டே மிரளும். மற்ற நாளில் காட்டுப்பக்கம் சும்மா நடக்கட்டும்.

தரையைக் கவனியுங்கள். காய்ந்த செம்மண் கட்டாந்தரையில் திருப்பினால் குளம்பும் மூட்டும் அடிவாங்கும். ஆழமான மணலில் தசைநார் இழுத்துக்கொள்ளும். அடியில் இறுக்கமும் மேலே இரண்டு மூன்று அங்குலம் பொலபொலப்பும் உள்ள மண் நல்லது. திரும்பும் இடத்தில் பள்ளம் விழுந்தால் அவ்வப்போது மண்வெட்டியால் நிரவிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். ஓடும்போது தளும்பிப் புண்ணாக்கும். ஏறுவதற்கு முன் ஒரு கை காய்ந்த புல் போடுங்கள். கொள்ளை மட்டும் கொட்டிவிட்டு ஓட்டுவது வயிற்றுவலிக்கு வழி. ஏறுபவர் தலைக்கவசமும் குதி வைத்த காலணியும் போடாமல் ஏறக் கூடாது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அடி வாங்கிய குதிரை டிரம்மைச் சுற்றும், ஆனால் பயந்து சுற்றும். பயந்த குதிரை திருப்பத்தில் நிதானிக்காது. பேரலைத் தட்டும், பிள்ளையையும் தள்ளும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மகளின் ஆசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் குதிரை தின்றது, நடந்தது, காலில் சூடு இருந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். அவள் பன்னிரண்டாவது முடிக்கும்போது குதிரைக்கு ஐந்து வயது ஆகியிருக்கும். அப்போது அந்த மூன்று டிரம்மையும் வெளியே எடுங்கள்.